ஹை பிரஷர் வெல்டர்

கல்யாணப் பத்திரிகைல மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்துல பி.ஏ.ன்னு போடுவாங்க, பி.காம்.னு போடுவாங்க. எங்க அக்கா கல்யாணப் பத்திரிகைல மாப்பிள்ளை பேருக்குக் கீழே கொட்டை எழுத்துல "ஹை பிரஷர் வெல்டர்"னு அச்சடிச்சிருந்துது. அடிக்கச் சொன்னது மாப்பிள்ளையேதான். அதோட விட்டாரா? ராயபுரத்துல எங்க மாதா கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு. அந்த ஓலையிலயும் வெல்டர்னு சேர்த்து வாசிக்கணும்னு சாமியார்கிட்ட போய் நின்னாரு. சாமியாரு, "தகப்பன் பேரு, தாய் பேரு, பங்கு பேரு, அவ்ளோதான் வாசிப்பேன். போய்ட்டு வாப்பா"ன்னு அனுப்பிட்டாரு. அந்தச் சாமியாரை மாமா சாகுற வரைக்கும் மன்னிக்கல.

இப்போ இதைக் கேட்டா சிரிப்பு வரும். அறுபதுகளோட ஆரம்பத்துல யாரும் சிரிக்கல. எங்க அப்பா ஹார்பர்ல டேலி கிளார்க்கு, மூட்டை எண்ணுற வேலை. அவரு கண்ணால பார்த்துட்டு வந்து சொன்னாரு: அதுவரைக்கும் கப்பல்ல ஒரு தகட்டோட இன்னொரு தகட்டைச் சேர்க்கணும்னா நாலு ஆளு வேணும். ஒருத்தன் ஆணியைக் காய்ச்சுவான், ஒருத்தன் பிடிப்பான், ரெண்டு பேரு சம்மட்டியால அடிப்பாங்க. இவரு வந்தாரு, கையில ஒரு குச்சி, மூஞ்சிக்கு ஒரு மறைப்பு. நீலமா வெளிச்சம், ரெண்டு தகடும் ஒண்ணாயிடுச்சு. "ரவிக்கை தைக்கிற மாதிரி இரும்பைத் தைக்கிறான்டி"ன்னு அப்பா அம்மாகிட்ட சொன்னாரு. அடுத்த மாசமே பொண்ணைக் குடுத்துட்டாரு. டாக்டர் மாப்பிள்ளை கிடைச்சாக்கூட அவ்ளோ சந்தோஷப்பட்டிருக்க மாட்டாரு.

எனக்கு அப்போ பதினஞ்சு வயசு. கல்யாண விருந்துல பக்கத்துல உக்காந்து சும்மா இருக்காம, "மாமா, ஓட்டைப் பாத்திரம் பத்த வைக்கிறாங்களே, அந்த வேலைதானே?"ன்னு கேட்டுத் தொலைச்சேன். அந்த மூஞ்சியைப் பார்க்கணுமே! மூணு மாசம் என்கிட்ட பேசல. அன்னிலேர்ந்து அவரு இல்லாதப்போ நான் அவரை "பத்தவைக்கிறவரு"ன்னுதான் சொல்லுவேன். அக்கா என் தொடையில கிள்ளுவா.

அப்பா அம்மா ரெண்டு பேரும் ரெண்டு வருஷத்துக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க. நான் தையல் மிஷினைத் தூக்கிக்கினு காலடிப்பேட்டைல அக்கா வூட்டுக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம்தான் அந்த மனுஷனைக் கிட்ட இருந்து பார்க்குற பாக்கியம் கிடைச்சுது.

அவருக்கு ஒரே ஒரு குணம்தான், மத்ததெல்லாம் அதுக்குள்ள அடக்கம். தனக்குத் தெரிஞ்சது இன்னொருத்தனுக்குத் தெரியக் கூடாது. வெல்டிங் செட்டுல கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு சக்கரம் இருக்குமாம். ஒவ்வொரு ஜாயின்ட்டும் முடிஞ்சதும் மொத வேலையா எழுந்து போய் அந்தச் சக்கரத்தை ஜீரோவுக்குத் திருப்பி வச்சிடுவாராம். எவ்ளோ கரண்ட்ல போட்டாருன்னு பக்கத்துல நிக்கிறவன் பார்த்துடக் கூடாது இல்ல? வேலை செய்யறப்போ சுத்தி கான்வாஸ் துணியைக் கட்டிக்குவாரு. கேட்டா, காத்து அடிக்குதும்பாரு. கேபிளைத் தூக்க ரெண்டு ஆளு, டீ வாங்கியார ஒரு ஆளு. அந்த ஆளுங்ககூட கான்வாஸுக்கு வெளியதான் நிக்கணும். இதெல்லாம் அவரோட வேலை செஞ்சவங்க சொன்னது. வூட்டுல நடந்தது நான் பார்த்தது. ரேடியோல சிலோன் ஸ்டேஷன் வச்சுக் கேப்பாரு. கேட்டு முடிச்சதும் முள்ளை வேற எங்கயோ தள்ளி வச்சிட்டுத்தான் எழுந்திருப்பாரு. நானும் அக்காவும் அரை மணி நேரம் கொர்ருகொர்ருன்னு தேடுவோம். நல்லா இருப்பாரா இந்த ஆளு?

வெல்டிங் பண்ற குச்சியை ராடுன்னு சொல்லுவாங்க. அதுல ஈரம் ஏறக் கூடாது. ஏறினா ஜாயின்ட் கெட்டுடும். மழைக்காலம் வந்துட்டா போதும், மாமா ராடு டப்பாவை வூட்டுக்குக் கொண்டாந்துடுவாரு. அக்கா கரி அடுப்புல உலை வச்சிருப்பா. பானையை இறக்கச் சொல்லிட்டு டப்பாவை ஏத்துவாரு. புள்ளைங்க ரெண்டும் தட்டை வச்சுக்கினு உக்காந்திருக்கும். "ராடு காயட்டும், அப்புறம் சோறு. இது போனா பாய்லர் போச்சு, பாய்லர் போனா கம்பெனி போச்சு, தெரியுமா?" கம்பெனி, கப்பல், ஹார்பர் எல்லாம் எங்க கரி அடுப்பை நம்பித்தான் நிக்குதுன்ற மாதிரி பேசுவாரு. அரிசி நறுக்குநறுக்குன்னு பாதி வெந்து கிடக்கும்.

இன்னொண்ணு சொல்றேன். வெல்டிங் வெளிச்சம் கண்ணுல பட்டுட்டா ராத்திரியெல்லாம் மணலைக் கொட்டின மாதிரி உறுத்தும். அந்தக் காலத்துல அதுக்கு ஒரு வைத்தியம், தாய்ப்பாலைக் கண்ணுல விடுறது. எல்லா வெல்டரு வூட்டுலயும் உண்டு. மாமாவுக்கு மாசத்துக்கு ஒரு தடவையாவது கண்ணு வீங்கிடும். அவ்ளோ பெரிய கெட்டிக்காரருக்கு ஏன் வீங்குதுன்னு யாரும் கேக்கக் கூடாது. நான்தான் குழந்தைக்குப் பால் புகட்டுற பாலாடையை எடுத்துக்கினு தெருவுல எந்த வூட்டுல கைக்குழந்தை இருக்குன்னு பார்த்துப் போகணும். கல்யாணம் ஆகாத பொண்ணு, போய் வாசல்ல நின்னு, "அக்கா, எங்க மாமாவுக்குக் கொஞ்சம் பால்..."னு கேக்கணும். கோடி வூட்டு மல்லிகா அக்கா ஒரு நாள் குழந்தையை இடுப்புல வச்சுக்கினு, "இன்னா லில்லி, உங்க மாமா இன்னும் பால் மறக்கலியா?"ன்னு கேட்டுட்டா. தெருவே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வூட்டுக்கு வந்து பாலை ஊத்துறப்போ மாமா கண்ணை மூடிக்கினு, "எதுக்குடி சிரிப்பு?"ன்னாரு. ஒண்ணும் இல்ல மாமான்னேன்.

எழுபது வரதுக்குள்ள எல்லாம் மாறிப் போச்சு. ஐடிஐல வெல்டிங்னு ஒரு படிப்பாவே வச்சிட்டாங்க. அங்க கரும்பலகைல எழுதியே போட்டுட்டாங்களாம், இவ்ளோ தகட்டுக்கு இவ்ளோ கரண்டுன்னு. மாமா பத்து வருஷமா எழுந்து எழுந்து போய் மறைச்சதை ஒரு வாத்தியாரு சாக்பீஸ்ல எழுதிட்டாரு. வருஷத்துக்கு முப்பது பேரு, நாப்பது பேரு படிச்சுட்டு வெளிய வந்தாங்க. திருவொத்தியூர் ஹைரோட்டுல மாவு மிஷினுக்கும் சலூனுக்கும் நடுவுல ஒரு கிரில் கடை வந்துது. சுத்தி கான்வாஸும் இல்ல ஒண்ணும் இல்ல. ரோட்டு ஓரத்துலயே உக்காந்து ஜன்னல் கம்பியைச் சேர்த்துக்கினு இருந்தாங்க. பஸ்ஸுக்கு நிக்கிறவங்க கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தாங்க. அப்புறம் அதுவும் இல்ல, கண்ணு கூசுதுன்னு திரும்பி நின்னுக்கினாங்க.

மாமா டீக்கடைக்குப் போனா முன்னெல்லாம் பெஞ்சுல இருக்குறவங்க நகர்ந்து எடம் குடுப்பாங்க. இப்போ யாரும் நகரல. ஒரு நாள் கடைக்காரரு, "நைனா, உனுக்கு வெல்டிங் தெரியும் இல்ல, இந்த பாய்லருக்கு அடில ஓட்டை வுழுந்துட்சி, கொஞ்சம் பாரேன்"னு டீ பாய்லரைக் காட்டினாராம். மாமா டீயைக் குடிக்காம வந்துட்டாரு. வூட்டுக்கு வந்து என் மேல எரிஞ்சு வுழுந்தாரு. ஒரு டீ பாய்லரைச் சரி பண்ணிக் குடுத்தா கிரீடம் இறங்கிடுமா? அவருக்கு இறங்கிடும்.

இந்த நேரத்துல அவரு கண்ணு வேற போக ஆரம்பிச்சுது. நாப்பத்தஞ்சு வயசு, எல்லாருக்கும் வர வெள்ளெழுத்துதான். பேப்பரை என்கிட்ட குடுத்து, "படிச்சுக் காட்டு லில்லி. நான் கண்ணை வேலைக்கு மிச்சம் பிடிக்கிறேன்"பாரு. பாசாங்குக்கு ஒரு அளவு இல்ல? அக்கா அவருக்குத் தெரியாம மண்ணடிக்குப் போய் ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கியாந்து குடுத்தா. "வெல்டருக்குக் கண்ணு போச்சுன்னு தண்டோரா போடவா? அத்த மொதல்ல உள்ள வையி"ன்னு கத்தினாரு. அக்கா அரிசி டப்பாக்குப் பின்னால வச்சிட்டா. அந்தக் கண்ணாடியை மறைப்புக்குள்ள மாட்டிக்கினு வேலை செஞ்சிருந்தா ஒரு பய பார்த்திருக்க மாட்டான். இவ்ளோ கதையும் நடந்திருக்காது.

அப்போதான் எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனில புது பாய்லர் வேலை வந்துது. கம்பெனி பேரு எதுக்கு, அவங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. கான்ட்ராக்டு ஆளு வெல்டர்ங்களுக்கெல்லாம் டெஸ்ட் வச்சு எடுத்தாரு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், அந்த நம்பர் செதுக்கின விரல் நீளத்துக்கு ஒரு எஃகு பஞ்ச். ஜாயின்ட்டைப் போட்டு முடிச்சதும் பக்கத்துல பஞ்சை வச்சுச் சுத்தியால தட்டிடணும். இது இன்னார் போட்டதுன்னு அழியாம இருக்கும். மாமா மொத நாளே வரிசைல போய் நின்னு ஒண்ணாம் நம்பரை வாங்கிட்டாரு. அதை வூட்டுக்குக் கொண்டாந்து காட்டினாரு. ஆஸ்பத்திரில நெஞ்சுக்கு எடுக்குற மாதிரி பாய்லர் குழாய்க்கும் எக்ஸ்ரே எடுப்பாங்க. உள்ள ஓட்டை, கீறல் இருந்தா ஃபிலிம்ல கறுப்பாத் தெரியும். ரெண்டு ஜாயின்ட் ஃபெயில் ஆனா ஆளு வெளிய. அதோட, வேலை கார்டுல சிவப்பு மசியில "தகுதி இல்லை"ன்னு எழுதிடுவாங்க. அந்தக் கார்டைப் பார்த்துட்டா இந்தப் பக்கத்துல வேற எந்த கான்ட்ராக்டும் சேர்க்காது.

அந்த வேலைல இருவத்தஞ்சாம் நம்பரு தேவராஜ். வியாசர்பாடிக்காரரு, ஐடிஐ படிச்சவரு. மாமா ஒரு நாள் டிபன் கேரியரை மறந்துட்டுப் போக, நான் கேட்டுக்கு எடுத்துக்கினு போனேன். உள்ள கொண்டு போய்க் குடுத்தவரு தேவராஜ். அப்புறம் பஸ் ஸ்டாப்புல, அப்புறம் மார்க்கெட்டுல, இப்டியே ஒரு வருஷம் ஓடிச்சு. எனக்கும் இருவத்தஞ்சு ஆயிடுச்சு. அக்கா மூலமா மாமா காதுல போட்டேன். அவரு வேற ஜாதி, வேற சாமி. அதைப் பத்தி மாமா ஒரு வார்த்தை பேசலீங்க. அவருக்கு ஐடிஐதான் தீட்டு. "டஜன் கணக்குல பொரிச்சு வுடுறானுங்க. அதுல ஒண்ணா நம்ம வூட்டுக்கு?"ன்னாரு. அதோட பேச்சு முடிஞ்சுது.

பேச்சு முடிஞ்சா பழக்கம் முடியுமா? ஒரு புதன்கிழமை மத்தியானம் தேவராஜ் சாப்பாட்டு நேரத்துல வெளிய வந்தவரு திரும்பி உள்ள போகல. கேட்ல பலகை மேல பித்தளை டோக்கன் மாட்டி வச்சா ஆளு உள்ள இருக்குன்னு கணக்கு. அவரு டோக்கனை தோஸ்து ஒருத்தர் மாட்டிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் தண்டையார்பேட்டைல பகல் ஆட்டம் பார்த்தோம். நான் ஊசி நூலு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருந்தேன். எங்க வாழ்க்கைல செஞ்ச பெரிய அக்கிரமம் அதுதான்.

அடுத்த வாரம் தேவராஜை நிறுத்திட்டாங்க. அவருக்கு ஏற்கெனவே ஒரு ஜாயின்ட் ஃபெயில் ஆகியிருந்துது, அது அவரு போட்டதுதான், ஒத்துக்குவாரு. இப்போ ரெண்டாவது. எக்ஸ்ரேல இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் கறுப்பு. பக்கத்துல அழுத்தமா இருவத்தஞ்சு. எழுதி வச்ச தேதி அந்தப் புதன்கிழமை, நேரம் மத்தியானம் மூணு மணி. அந்த நேரத்துல அவரு என் பக்கத்துல உக்காந்து வேர்க்கடலை உரிச்சுக்கினு இருந்தாரு.

பஸ் ஸ்டாப்புல நின்னு சொன்னாரு. மூஞ்சி செத்துப் போயிருந்துது. "லில்லி, பஞ்சை டூல் பாக்ஸ்லயே வச்சிட்டு வந்தேன். எவனோ எடுத்து அடிச்சிருக்கான்."

"எவன்?"

"ஃபிலிம் காட்டினாங்க, ஜாயின்ட்டையும் போய்ப் பார்த்தேன். வெல்டிங் போட்ட கையை மறைக்க முடியாது. பார்த்தவுடனே யாரு போட்டதுன்னு தெரிஞ்சிடும். அன்னிக்கு பாய்லர்ல அந்த மாடில கான்வாஸ் கட்டிக்கினு இருந்தது ஒரே ஒரு ஆளு."

"போய் சொல்ல வேண்டியதுதானே?"

"இன்னான்னு சொல்றது? நான் உள்ள இல்லன்னு சொன்னா, டோக்கன் மாட்டினவன் வேலை போகும். எங்க போனேன்னு கேப்பாங்க. உன் பேரை இழுக்கணும். வுடு."

நான் வுடுற ஆளா? நேரா வூட்டுக்கு வந்தேன். மாமா சாப்டுக்கினு இருந்தாரு. மீன் முள்ளை விரலால தடவித் தடவி எடுத்துக்கினு இருந்தாரு, கண்ணு தெரியாததால. எதிர்ல போய் நின்னேன்.

"மாமா, தேவராஜ் நம்பர் அடிச்ச ஜாயின்ட்டு யாரு போட்டது?"

"நம்பர் யாருதோ அவன் போட்டிருப்பான். இத்த வந்து ஏன் என்னாண்ட கேக்கற?"

"அன்னிக்கு மத்தியானம் அவரு உள்ளயே இல்ல."

சிரிச்சாரு. வாய்ல சோத்தை வச்சுக்கினு சிரிச்சாரு. "இல்லன்னு எனுக்கும் தெரியும். அவனைப் போய் சொல்லச் சொல்லேன். எங்க போயிருந்தேன்னு கேட்டா இன்னா சொல்லுவான்?"

"என்னோட சினிமாவுக்கு வந்தாருன்னு சொல்லுவாரு."

தட்டு கவுந்துது. எழுந்து நின்னாரு. "கொட்டாய்க்கா போனே? என் வூட்டுல சோறு துன்னுக்கினு, கண்டவனோட இருட்டுல போய் உக்காந்தியா? மானம் மரியாதை கீதாடி உனக்கு?" பாருங்க இந்த நியாயத்தை! இன்னொருத்தன் நம்பரைத் திருடித் தன் தப்பு மேல அடிச்ச கையை இன்னும் கழுவல, அந்தக் கையை ஆட்டி எனக்கு மானத்தைப் பத்திப் பாடம் எடுக்குறாரு. எனக்கு அந்த நேரத்துல அவரு மேல கோபம்கூட வரல, அருவருப்பா இருந்துது.

அக்கா அடுப்படிலேர்ந்து வந்தா. பத்து வருஷத்துல அவ அவரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதில்ல. "நீங்க அடிச்சீங்களா?"ன்னு மட்டும் கேட்டா.

மாமா உக்காந்துட்டாரு. "எனக்கும் ஒண்ணு ஏற்கெனவே போயிட்சி. இதுவும் போச்சுன்னா வெளிய அனுப்பிடுவானுங்க. அவன் சின்ன வயசு, எங்கியாவது பொழைச்சுக்குவான். புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுறது?"

அதோட நிறுத்தியிருந்தா நான் ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பேன். சத்தியமா சொல்றேன். அக்கா மூஞ்சியைப் பார்த்து யோசிச்சிருப்பேன். ஆனா அந்த மனுஷனால நிறுத்த முடியல. "அதோட, ஒண்ணாம் நம்பர் ஃபெயிலுன்னா ஊரு சிரிக்கும். இருவத்தஞ்சு ஃபெயிலுன்னா எவன் கவனிக்கப் போறான்?"ன்னாரு. ஒரு ஆளோட பொழைப்பு அவருக்கு அவ்ளோதான். சோத்துக்காக இல்ல, அவரு ஒண்ணாம் நம்பரா இருக்கறதுக்காக.

அக்கா கவுந்த தட்டை எடுத்தா. என்னைப் பார்க்காமலே, "நீ போய் சொல்லு லில்லி. எங்களை நாங்க பார்த்துக்கறோம்"ன்னா.

மறுநாள் காலைல இருக்குறதுலயே நல்ல புடவையைக் கட்டிக்கினு எண்ணூருக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கினு போனேன். கேட்ல வெளியே ஒரு கூட்டம், அத்தனை பேரும் கையில ஐடிஐ சர்டிபிகேட்டோட நிக்கிறாங்க. வாட்ச்மேன் கையைக் காலைப் பிடிச்சு உள்ள போனேன். தகரக் கொட்டகைல ஆபீஸு. என்ஜினீயரு இளவயசு, மைலாப்பூர் பக்கத்து ஆளு மாதிரி பேச்சு. மேஜை மேல சுருட்டி வச்ச டிராயிங். ஒரு டைப்பிஸ்ட், ஒரு பியூன். தனியா பேசணும்னேன். "பரவாயில்ல, சொல்லுங்கோ"ன்னாரு. சொன்னேன். அந்தப் புதன்கிழமை மூணு மணிக்கு தேவராஜ் என்னோட தியேட்டர்ல இருந்தாரு, நான் அவரைக் கட்டிக்கப் போற பொண்ணு, இன்னும் கட்டல. அந்த ஜாயின்ட்டு போட்டது எங்க மாமா, நான் அவரு வூட்டுலதான் இருக்கேன். டைப் அடிக்கிற சத்தம் நின்னு போச்சு. பியூன் என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தான். நான் அழல.

என்ஜினீயரு ஒரு நோட்டைப் புரட்டினாரு. "எந்த ஜாயின்ட்? ஓ, அதுவா! அதை ஃபிலிம் பார்த்த அன்னிக்கே வெட்டி எடுத்துட்டு வேற ஆளை வெச்சுப் போட்டாச்சேம்மா."

"இல்ல சார், அதைப் போட்டது யாருன்னு..."

"யார் போட்டா என்ன? வெல்டர்தானே? வெளியில பார்த்தேளா, தினம் நாப்பது பேர் வந்து நிக்கிறான். இதுக்குப் போய் விசாரணை வெச்சிண்டிருந்தா நான் எப்போ பாய்லர் கட்டறது?"

என் மானத்தைக் கொண்டு போய் அந்த மேஜை மேல வச்சேன். அந்த ஆளு அதுக்குப் பக்கத்துல டீ கிளாஸை வச்சாரு.

"சார், அவரு கார்டுல சிவப்பு மசியில எழுதிட்டீங்க. வேற எங்கயும் சேர்க்க மாட்டாங்க"ன்னேன். "அவ்வளவுதானே?"ன்னு டைப்பிஸ்டைப் பார்த்தாரு. "இருபத்தஞ்சாம் நம்பருக்கு வேற கார்டு அடிச்சுக் கொடுத்துடும். வேலை முடிஞ்சுது, அனுப்பிட்டோம்னு போடும்." இன்னும் குடுக்காம கட்டுல வச்சிருந்த பழைய கார்டை எடுத்துக் கிழிச்சுக் கூடையில போட்டாரு. நான் சொன்னதை நம்பினாரா, நம்பலையா, அதுகூடத் தெரியல. நம்பவேண்டிய அவசியமே அவருக்கு இல்ல. கிளம்புறப்போ எனக்கே ஒரு ஆத்திரம், "எங்க மாமாவை இன்னா பண்ணப் போறீங்க? ஒண்ணாம் நம்பர்"னு கேட்டேன். அவரு பியூன் பக்கம் திரும்பி, "யாருப்பா ஒண்ணாம் நம்பர்?"னாரு. பியூன் தலையைச் சொறிஞ்சான். அதுக்குள்ள போன் அடிச்சுது.

அந்தக் கார்டை வச்சுக்கினு தேவராஜ் பத்து நாள்ல மணலி பக்கம் வேற கம்பெனில வேலைக்குச் சேர்ந்துட்டாரு. ஆறு மாசத்துல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். அதெல்லாம் அப்புறம்.

நான் வூட்டுக்குத் திரும்பறப்போ மத்தியானம் ஆயிடுச்சு. மாமா வேலைக்குப் போகல. இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட்டு, ஷூ எல்லாம் போட்டுக்கினு நாற்காலில நிமிர்ந்து உக்காந்திருந்தாரு. என்னை வூட்டை விட்டுத் துரத்துவாருன்னு நினைச்சுத்தான் உள்ள நுழைஞ்சேன். காலைலேர்ந்து தனியாப் பேசிக்கினு இருந்தாருன்னு அக்கா அப்புறம் சொன்னா. என்கொயரிக்குக் கூப்பிட்டா இப்டி சொல்லணும், ஹார்பர்ல இத்தினி வருஷம், இந்த ஏரியாவுக்கே மொத ஆளு நானுன்னு ஒத்திகை பார்த்துக்கினு இருந்திருக்காரு.

"சொல்லிட்டியா?"ன்னாரு.

"சொல்லிட்டேன்."

"நான்தான்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"எப்போ வரச் சொன்னான்?"

"வரச் சொல்லல மாமா."

"லெட்டர் அனுப்புவான். வெல்டிங்ல இவ்ளோ சீனியரு, வாயால சொல்லி அனுப்ப மாட்டான்."

"லெட்டரும் இல்ல. யாரு ஒண்ணாம் நம்பருன்னு கேட்டாரு. பியூனுக்கும் தெரியல. அதோட போன் வந்துட்சி."

என்னையே பார்த்துக்கினு இருந்தாரு. நான் பொய் சொல்றேன்னு நினைச்சாரோ என்னமோ. பத்து வருஷமா அந்த மனுஷனை ஒரே ஒரு தடவை நல்லாக் குத்தணும்னு காத்துக்கினு இருந்தேன். குத்தணும்னு நான் நினைச்சுக்கூட சொல்லல, நடந்ததைத்தான் சொன்னேன். அவரு மூஞ்சி இருந்த இருப்பைப் பார்த்தப்போ, சொல்லாம வுட்டிருக்கலாமோன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. ஒரு நிமிஷம்தான்.

"திட்டக்கூட இல்லியா?"ன்னாரு.

"இல்ல மாமா."

மறுநாள் காலைல அக்கா கட்டிக் குடுத்த கேரியரைத் தூக்கிக்கினு வேலைக்குக் கிளம்பிட்டாரு. டோக்கனை மாட்டிட்டு, யாராவது கூப்பிடுவாங்கன்னு கேட் பக்கத்துலயே ரொம்ப நேரம் நின்னாருன்னு தேவராஜோட தோஸ்து வந்து சொன்னாரு. பின்னாடி வந்த வெல்டருங்க, "வழி வுடு பெரியவரே"ன்னு சொல்லி ஒதுக்கிக்கினு போனாங்களாம். சங்கு ஊதினதும் அவரும் உள்ள போயிட்டாரு.